பாலாற்றுத் தோல் – 11: பூட்டிவிட்டுப் போன ஆலை

ராணிப்பேட்டை சிப்காட்டில் மழை விட்டதும் ஒரு பழைய ஆலையின் மதிலோரம் மஞ்சளாகத் தண்ணீர் கசியும். பார்க்க என்னவோ அழகான நிறம்தான். அது ஹெக்ஸாவேலன்ட் குரோமியம். பட்டால் புண், தூசியாக மூச்சில் ஏறினால் புற்றுநோய் வரை இழுத்துவிடும்.

தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்ட் கெமிக்கல்ஸ் என்ற அந்த ஆலை 1970களில் வந்தது. ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு எல்லாம் தோல் பதனிடும் முறையை மாற்றிக்கொண்டிருந்த நேரம். அதுவரை ஆவாரம்பட்டையிலும் கடுக்காயிலும் வாரக்கணக்கில் ஊறவைத்த தோலைத்தான் பெரும்பாலும் கப்பலேற்றினார்கள். பாதி பதனிட்டதை அனுப்பாதீர்கள், முழுசாக முடித்து அனுப்புங்கள், ஷூவாகவே அனுப்பினால் இன்னும் நல்லது என்று மத்திய அரசு நெருக்கியது. குரோம் போட்டால் ஒரே நாளில் வேலை முடியும். ஆக, இந்த வட்டாரம் முழுக்க குரோம் பவுடர் தேவைப்பட்டது.

அதைச் செய்யும் விதம் இது: குரோமைட் தாதுவைச் சோடா உப்போடும் சுண்ணாம்போடும் சூளையில் வறுத்து, தண்ணீர் விட்டுக் கரைத்து வடிப்பார்கள். வடிந்த மஞ்சள் கரைசல்தான் பின்னால் பச்சைப் பவுடராகித் தோல் கம்பெனிக்குப் போகும். பவுடரில் இருப்பது ட்ரைவேலன்ட் குரோமியம், அவ்வளவு விஷமில்லை. கரையாமல் நின்ற, ஹெக்ஸாவேலன்ட் மிச்சமிருக்கும் சக்கையில்தான் வில்லங்கம். அது வளாகத்திலேயே மலையாகக் குவிந்தது.

1990களின் நடுவில் ஆலை நின்றது. குவியலை அம்போவென்று விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். இரண்டு லட்சம் டன்னுக்கு மேல் என்பது அரசுத் தரப்புக் கணக்கு.

இதே காலத்தில்தான் வேலூர் குடிமக்கள் நலச் சங்கம் டேனரிகளுக்கு (தோல் பதனிடும் ஆலைகளுக்கு) எதிராகத் தொடுத்த வழக்கில், 1996 ஆகஸ்ட் 28 அன்று, கெடுத்தவரே செலவை ஏற்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நாடு முழுக்க இன்றும் எடுத்துக்காட்டப்படும் தீர்ப்பு. ஆனால் எனக்கு ஒரு சந்தேகம் எப்போதும் உண்டு. ஓடுகிற டேனரியை வழிக்குக் கொண்டுவரலாம்: கரண்ட்டைப் பிடுங்கலாம், சீல் வைக்கலாம், பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் சேரச் சொல்லலாம். ஆளே இல்லாத ஆலையில் எதைப் பிடுங்குவது? டேனரிக்காரர்கள், 'எங்கள் மேல் மட்டும்தானே பாய்கிறீர்கள்' என்று அலுத்துக்கொள்வதில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. கொஞ்சம்தான்; பாலாற்றை உப்பாக்கியதில் அவர்கள் பங்கு தனிக்கதை.

2006ல் அமெரிக்காவின் பிளாக்ஸ்மித் நிறுவனம் உலகின் மிக மோசமாக மாசுபட்ட பத்து இடங்களைப் பட்டியலிட்டது. செர்னோபிலோடு ராணிப்பேட்டையும் அதில் இருந்தது. ஊர்க்காரர்களுக்கு அது செய்தியே இல்லை, கிணற்றுத் தண்ணீர் எப்போதோ சொல்லிவிட்டது.

குவியலை அள்ளி இன்னோர் இடத்தில் கொட்டினால் தீராது. ரசாயனம் கலந்து ஹெக்ஸாவேலன்ட்டை ட்ரைவேலன்ட்டாக மாற்றி, கசியாத குழியில் மூட வேண்டும். அதோடு, நிலத்தடியில் ஏற்கெனவே இறங்கிவிட்டதை இறைத்துச் சுத்தம் செய்ய வேண்டும். வழி தெரியாத வேலை இல்லை, பில் யார் பெயரில் போடுவது என்பதில்தான் ஆண்டுகள் ஓடின. போட்டுவிட்டுப் போனவர்கள் கட்டாதபோது அது அரசுக் கஜானாவில், அதாவது நம் தலையில்தான் விடியும்.

(அடுத்த வாரம்: தோலில் பூஞ்சை பிடிக்காமல் இருக்க அடித்த பிசிபி மருந்துக்கு 1989ல் ஜெர்மனி தடை போட்ட கதை.)