பைபாஸ் செய்த காலில் தையல் ஈரமாகவே இருக்கிறதா?

கால் ரத்தக் குழாய் அடைத்து, பைபாஸ் செய்துகொண்டு வீடு திரும்பியவர்கள் தொடை இடுக்குத் தையலைத் தினமும் பார்க்க வேண்டும். லுங்கியில் ஈரம் பட்டால் வியர்வை என்று விட்டுவிடக் கூடாது. கவரைப்பேட்டை, கும்மிடிப்பூண்டி வட்டாரத்தில் ஆலை வேலைக்குப் போகிறவர்கள் லீவு போனால் சம்பளம் போகும் என்று பக்கத்துக் கிளினிக்கில் கட்டு மாற்றிக்கொண்டே நாள் கடத்துவார்கள். அந்த நாட்களில்தான் கால் கைவிட்டுப் போகிறது.

தொடை இடுக்கு எப்போதும் ஈரமான இடம், கிருமிக்குக் குறைவில்லை. அறுவையில் நிணநீர்க் குழாய்கள் அறுபட்டால் நீர் கசியும். பெரிய தமனி அங்கே தோலுக்குச் சற்றே கீழே ஓடுகிறது. பொருத்தியது செயற்கைக் குழாய் என்றால், கிருமி அதன்மேல் படலமாக ஒட்டிக்கொள்ளும்; ஊசி மருந்து அதை எளிதில் எட்டாது. சர்க்கரை நோயும் பீடி சிகரெட்டும் இருந்தால் ஆபத்து இன்னும் அதிகம். சீழ் குழாய் இணைப்பை அரித்தால் முதலில் கொஞ்சம் ரத்தம் வந்து தானாக நிற்கலாம். நின்றுவிட்டதே என்று நிம்மதி அடையாதீர்கள். அடுத்தது பீறிட்டு வரலாம். ரத்தம் வந்தால் படுக்க வைத்து, சுத்தமான துணியால் அந்த இடத்தைப் பலமாக அழுத்தியபடியே 108-ஐ அழையுங்கள்.

இதற்கு வழி இருக்கிறது. அழுகிய திசுவையும் சீழையும் சுத்தம் செய்துவிட்டு, பக்கத்துத் தசையைத் திருப்பிக் குழாயின் மேல் போர்த்துவார்கள். பெரும்பாலும் எடுப்பது சார்டோரியஸ் என்ற பட்டைத் தசை. இடுப்பு எலும்பின் முன்முனையில் தொடங்கித் தொடையைக் குறுக்கே கடந்து முழங்காலின் உட்புறம் இறங்குவது அது. மேல்முனையை எலும்பிலிருந்து விடுவித்து, அதற்குள் நுழையும் சிறு ரத்தக் குழாய்களைக் காப்பாற்றி, உள்பக்கம் புரட்டித் தைப்பார்கள். உயிருள்ள அந்தச் சதை பள்ளத்தை நிரப்பும். அதன் ரத்தத்தோடு மருந்தும் வெள்ளை அணுக்களும் வந்து சேரும். நடைக்குப் பெரிய குறை வராது. தொடைத் தமனியே அடைத்திருந்தால் இந்தத் தசைக்கும் ரத்தம் போதாமல் போகலாம். அப்போது முன்தொடையின் ரெக்டஸ் ஃபெமோரிஸ் தசையை எடுப்பார்கள். இணைப்பே கிழிந்து ரத்தம் வந்தாலோ, கிருமி ரத்தத்தில் கலந்தாலோ பழைய குழாயை அகற்ற வேண்டியும் வரலாம்.

பிளாஸ்டிக் சர்ஜரி என்றதும் அழகுக்கு என்று நினைத்து ஒதுங்கிவிடாதீர்கள். தசை போர்த்தும் கை பெரும்பாலும் அந்தத் துறையுடையது. கவரைப்பேட்டையிலிருந்து புறநகர் ரயில் ஏறினால் இறங்கும் சென்னை சென்ட்ரலுக்கு எதிரிலேயே ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை இருக்கிறது. ரத்தக் குழாய் அறுவைத் துறை, பிளாஸ்டிக் சர்ஜரி இரண்டும் அங்கே உண்டு. ரத்தம் வந்தவரை மட்டும் ரயிலில் ஏற்றாதீர்கள்.

செலவுக்குப் பயந்து தள்ளிப்போட வேண்டாம். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்ட அட்டை இருந்தால் இந்த அறுவைக்கு அனுமதி உண்டா என்று 1800 425 3993-ல் கேளுங்கள். ஒப்பந்தத் தொழிலாளியானாலும், இஎஸ்ஐ தொழிலாளர் காப்பீட்டு வரம்புக்குள் சம்பளம் வாங்கினால் அதன் உரிமை உங்களுக்கும் உண்டு. சந்தா நிபந்தனை நிறைவேறியிருந்தால் நோய் விடுப்பில் சம்பளத்தில் 70 சதவீதம், ஆண்டுக்கு 91 நாள் வரை கிடைக்கும். இயந்திரத்தில் சிக்கித்தான் ரத்தக் குழாய் அறுந்தது என்றால் அது பணிக்காயம். 90 சதவீதம் கேட்கலாம். விபத்துப் பதிவேட்டில் உங்கள் பெயர் ஏறியிருக்கிறதா என்று அன்றே பாருங்கள்.

புண் சீழ் பிடித்ததாலேயே மருத்துவர் தவறு செய்தார் என்று ஆகிவிடாது. எச்சரிக்கை அறிகுறியைச் சொல்லியும் பார்க்க மறுத்தால் அது வேறு விஷயம். கேட்ட 72 மணி நேரத்துக்குள் சிகிச்சைப் பதிவுகளைத் தர வேண்டும் என்பது 2002-ஆம் ஆண்டு மருத்துவ நன்னடத்தை விதி. கட்டணம் வாங்கும் மருத்துவ சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1995-ல் தீர்ப்பளித்தது. புகாரை 2 ஆண்டுக்குள் கொடுக்க வேண்டும்.

வேறு மருத்துவமனைக்குப் போகும்போது டிஸ்சார்ஜ் சம்மரியும் சீழ் கல்ச்சர் ரிப்போர்ட்டும் கையில் இருக்கட்டும். வைத்தது செயற்கைக் குழாயா, உங்கள் காலிலிருந்தே எடுத்த ரத்தக் குழாயா என்பது டிஸ்சார்ஜ் சம்மரியில் எழுதியிருக்க வேண்டும். இல்லையென்றால் எழுதி வாங்குங்கள். ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுத்த மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம்.