கிராமத்து இளைஞரும் கணினித் தொழிலும்

தென்காசி, குற்றாலம் என்றவுடன் அருவியும் சாரலும் நினைவுக்கு வருதல் இயல்பு. இன்று இப்பகுதி கணினித் தொழிலாலும் பெயர் பெற்று வருகிறது. இங்கு 2011ஆம் ஆண்டில் கிளை தொடங்கிய ஜோஹோ நிறுவனம், மலையடிவாரச் சிற்றூராகிய மத்தளம்பாறையில் இயங்குகிறது. வாடிக்கையாளரின் குறைகளைக் கேட்டுத் தீர்ப்பதற்குப் பல நாட்டு வணிகர் கையாளும் ‘ஜோஹோ டெஸ்க்’ என்னும் மென்பொருள் இங்கு உருவானதேயாகும்.

பொறியியல் பட்டமின்றி இத்தொழிலில் நுழைய முடியாது என்று பெற்றோர் பலர் கருதுகின்றனர். அதற்காக நிலத்தை ஈடு வைப்போரும் உளர். ஆயின், இந்நிறுவனம் 2005ஆம் ஆண்டில் ஆறு மாணவர்களுடன் தொடங்கிய பயிற்சிப் பள்ளி வேறொரு வழியைக் காட்டியது. பள்ளிப் படிப்பு முடித்தோரைத் தேர்ந்தெடுத்து, கட்டணம் பெறாமல், உதவித்தொகையும் அளித்துப் பயிற்றுவிக்கும் அப்பள்ளி இப்பொழுது தென்காசியிலும் நடைபெறுகிறது.

அவ்வாறாயின், இத்தொழிலுக்கு வேண்டிய திறமைகள் யாவை?

முதலாவது, முறையாகச் சிந்தித்தல். குளத்து நீரைப் பத்து விவசாயிகளுக்கு முறை வைத்துப் பங்கிடுவதாகக் கொள்வோம். எந்த மடையை முதலில் திறப்பது, எவ்வளவு நேரம் விடுவது, நீர் குறைந்தால் என் செய்வது என்பவற்றை, ஊருக்குப் புதியவர் ஒருவரும் பிழையின்றி நிறைவேற்றுமாறு வரிசையாக எழுத முடியுமா? கணினிக்கு நிரல் எழுதுவதும் இத்தகையதே.

இரண்டாவது, பொறுமை. எழுதிய நிரல் முதன்முறையே சரியாக இயங்குவது அரிது. பிழை எங்குளது என்று மனந்தளராது தேடுவதே அன்றாட வேலையின் பெரும்பகுதியாகும்.

மூன்றாவது, மொழித்திறன். தொழில் நூல்களைப் படித்துணரும் அளவு ஆங்கிலம் வேண்டும். தாய்மொழியில் தெளிவாக எழுதப் பழகியவருக்கு அதுவும் எளிதில் கைவரும்.

நான்காவது, பிறருடன் கூடி உழைத்தல். தெரியாததைக் கூச்சமின்றிக் கேட்கவும், தெரிந்ததை விளக்கிக் கூறவும் பழக வேண்டும்.

இன்று செயற்கை நுண்ணறிவுக் கருவிகளே நிரல் எழுதித் தருகின்றன. அவை தருவது சரியா, தவறா என்று ஆராயும் அறிவு இதனால் மேலும் தேவைப்படுகிறது.

பயிற்சிப் பள்ளியில் அனைவருக்கும் இடம் கிடைத்துவிடாது. பட்டம் கேட்கும் நிறுவனங்களும் பலவுள. ஆதலின் படிப்பை இடையில் நிறுத்துதல் கூடாது. படித்துக்கொண்டே அரசுப் பள்ளிகளிலுள்ள உயர்தொழில்நுட்ப ஆய்வகங்களையும், 2022ஆம் ஆண்டில் தமிழக அரசு தொடங்கிய ‘நான் முதல்வன்’ திட்டத்தையும், கிளை நூலகங்களையும் பயன்படுத்திக்கொள்ளலாம்.

வெளியூர் அனுப்பத் தயங்கிப் பெண் மக்களின் படிப்பைப் பன்னிரண்டாம் வகுப்போடு நிறுத்தும் குடும்பங்கள் இச்செய்தியைச் சிறப்பாகக் கருதுதல் வேண்டும். வீட்டிலிருந்து சென்று திரும்பும் தொலைவிலேயே இத்தொழில் வந்துள்ளது. பெற்றோரே, நிலத்தை ஈடு வைக்குமுன் உங்கள் பிள்ளைக்கு இந்நான்கு திறமைகளில் எவை உள்ளன, எவற்றை வளர்க்க வேண்டும் என்று ஆசிரியரைக் கலந்து அறியுங்கள். அதற்குச் செலவு ஏதுமில்லை.