1,414 டிகிரி கொதி உலை: சூடு பிசகினால் சிலிக்கான் கட்டி காலி!

செல்போன், கம்ப்யூட்டரில் உள்ள 'சிப்' எல்லாம் சிலிக்கானில் செய்யப்படுபவை. இந்த சிலிக்கானை உருக்கி, உருளைக் கட்டியாக வளர்த்து, பிறகு தகடு தகடாக அறுக்கிறார்கள். கட்டி முழுவதும் ஒரே படிகமாக இருக்க வேண்டும். இப்படி படிகம் வளர்ப்பது பற்றி ஆராய்ச்சி செய்ய சென்னை கிண்டி அண்ணா பல்கலைக்கழகத்தில் 1982 முதல் தனி மையமே உள்ளது.

இதில் பெரிய தலைவலி உலைச் சூடுதான்.

சிலிக்கான் 1,414 டிகிரி செல்சியசில் உருகும். குவார்ட்ஸ் பாத்திரத்தில் உருக்கி, 'விதை' எனப்படும் சின்ன படிகத்தை மேலிருந்து இறக்கி குழம்பைத் தொட வைப்பார்கள். பிறகு சுற்றிக்கொண்டே மெல்ல மேலே இழுப்பார்கள். வேகம் நிமிடத்துக்கு சுமார் 1 மில்லி மீட்டர்தான். பாகில் தொங்கும் நூலில் பனங்கற்கண்டு பிடிக்குமே, கிட்டத்தட்ட அந்த மாதிரி. போலந்து நாட்டுக்காரரான சோக்ரால்ஸ்கி 1916-ல் கண்டுபிடித்த முறை இது.

சூடு கூடினால் கட்டி ஒல்லியாகும். ரொம்ப கூடினால் குழம்பை விட்டே அறுந்துவிடும். குறைந்தால் குண்டாகும். ஏற்ற இறக்கம் அதிகமானால் படிக அடுக்கு கலைந்து, அதற்குப் பிறகு வளர்ந்தது எதற்கும் உதவாது. திரும்ப உருக்க வேண்டியதுதான்.

சரி, தெர்மாமீட்டர் வைத்துப் பார்க்கலாமே என்று கேட்கலாம். குழம்புக்குள் எதை விட்டாலும் அழுக்கு சேர்ந்துவிடும். அதனால் உலையின் தகதகப்பை ஜன்னல் வழியாக கருவி மூலம் பார்த்து சூட்டைக் கணக்கிடுகிறார்கள். அது குழம்பின் சரியான சூடு அல்ல. ஆகவே கேமரா கட்டியின் பருமனையே கவனித்துக்கொண்டிருக்கும். என்னைக் கேட்டால், இதுதான் கெட்டிக்காரத்தனம்!

பருமன் மாறினால் கம்ப்யூட்டர் முதலில் இழுக்கும் வேகத்தை மாற்றும். வேகமாக இழுத்தால் கட்டி மெலியும், மெதுவாக இழுத்தால் பருக்கும். ஹீட்டரில் உடனே கை வைத்துப் பயனில்லை. கரண்டைக் கூட்டினாலும் குறைத்தாலும் அது குழம்பில் தெரிய பல நிமிடம் ஆகும். நீண்ட நேரம் வேகம் சரிப்படாவிட்டால்தான் ஹீட்டரைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுவார்கள்.

கரண்ட் கட் ஆனால் அதோகதிதான். பிரீசரில் வைத்த தண்ணீர் பாட்டில் வெடிப்பது போல, சிலிக்கானும் உறையும்போது விரியும். உள்ளேயே உறைந்தால் பாத்திரம் விரிசல் விட்டுவிடும். அதனால் இந்த உலைகளுக்கு மாற்று மின்சாரம் எப்போதும் தயாராக இருக்கும்.