செந்நாயைக் காணச் செல்வோருக்கு

சபாரி என்று வழங்கும் வனயாத்திரை புலியைக் காண்பதற்கே ஏற்பட்டது என்று நம்மவர் முடிவு செய்துவிட்டார்கள். முதுமலைக்கும் பந்திப்பூருக்கும் செல்லும் அன்பர்கள், புலி தென்படாவிடில் கட்டணம் வீணாயிற்றென்று முணுமுணுத்துத் திரும்புகிறார்கள். செந்நாயைக் காணவென்றே புறப்பட்டவர் அவர்களுள் எத்தனை பேர்? இந்தியாவிலுள்ள புலிகள் 3,682 என்பது 2022ஆம் ஆண்டுக் கணக்கின் சராசரி. செந்நாயோ, ஆசியாக் கண்டம் முழுவதிலுமே, இனம் பெருக்கும் பருவமடைந்தவை 949 முதல் 2,215 வரைதான் இருக்குமென்று சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 2015இல் மதிப்பிட்டது. இரு கணக்கும் ஒரே முறையில் எடுத்தவையல்ல. ஆயினும் எது அருமையான காட்சி என்பதில் ஐயத்திற்கு இடமில்லை.

இப்பிராணிக்கு இழைக்கப்பட்ட அநீதி சாமானியமன்று. வெள்ளைக்கார வேட்டைப்பிரியர்கள் தாம் சுட விரும்பிய மானை அது தின்றதற்காக அதை வெறுத்தார்கள். தின்ற விதத்தைக் கண்டு இன்னும் வெறுத்தார்கள். செந்நாயின் எடை 15 முதல் 20 கிலோதான். புலியைப்போல் கழுத்தைக் கவ்விக் கடமானைச் சாய்க்க அதனால் இயலாது. கூட்டமாகத் துரத்தி, உயிர் போகுமுன்பே கிழித்துத் தின்னத் தொடங்கும். பொழுதுபோக்கிற்காகக் கொன்ற கனவான்கள், பசிக்காகக் கொன்ற பிராணிக்குக் கொடியது என்று பட்டம் சூட்டினார்கள்! கொன்று கொண்டுவந்தவருக்குச் சர்க்கார் சன்மானமும் வழங்கிற்று. ஆனால் பழி முழுவதையும் அன்னியர் தலையில் சுமத்திவிட்டு நாம் தப்ப முடியாது. அவர்கள் 1947இல் கப்பலேறிய பின்னும் சன்மானம் நிற்கவில்லை. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமே அதற்கு முற்றுப்புள்ளி வைத்தது. கால் நூற்றாண்டு சுயராஜ்யம் செந்நாயின் காட்டை எட்டவில்லை.

பழிச்சொல்லை நம்பாமல் நேரில் பார்த்துத் தெளிய முன்வந்தவர் ஒரு தமிழர் என்பது நமக்குப் பெருமை. நாங்குநேரியில் பிறந்த ஏ. ஜே. டி. ஜான்சிங், 1970களில் பந்திப்பூர்க் காட்டில் செந்நாய்க் கூட்டங்களைப் பின்தொடர்ந்து ஆராய்ந்தார். வளையிலுள்ள தாய்க்கும் குட்டிகளுக்கும் கூட்டத்தின் மற்ற நாய்கள் உண்டதைக் கக்கி ஊட்டும் என்றறியும்போது, 'கொடியது' என்ற பட்டம் தானே உதிர்ந்துவிடுகிறது.

காணச் செல்வோருக்கு ஒரு சௌகரியம் உண்டு: செந்நாய் பெரும்பாலும் பகலில் வேட்டையாடும். அதிகாலையும் மாலையும் ஏற்ற வேளைகள். முதுமலையில் வனத்துறையின் வண்டிதான் கதி. ஆகவே வண்டியோட்டியிடம் முன்கூட்டியே, 'புலி வேண்டாம், செந்நாய் போதும்' என்று சொல்லிவிடுங்கள். அவர் வியப்படைவார், பாதகமில்லை. வாய்க்குப் பூட்டுப் போட்டுக்கொண்டால் சீட்டி போன்ற அதன் கூவலையும் கேட்கலாம். புதரில் பிரிந்துபோனவை அவ்வோசையால் ஒன்றுசேரும். குட்டி போடும் காலம் குளிர்காலம். அப்போது கூட்டம் வளையைச் சுற்றியே திரியுமாதலால் காண்பது எளிது. அதனாலேயே அப்போது நெருங்கலாகாது. பாதையை விட்டு வண்டியை இறக்கச் சொல்பவர் பார்வையாளரல்லர்.

சர்க்காரிடமும் நமக்கு ஒரு கோரிக்கை உண்டு. துப்பாக்கி ஓய்ந்தபின் செந்நாய்க்கு நேர்ந்துள்ள அபாயங்களுள் ஊர்நாய்களிடமிருந்து தொற்றும் வெறிநோயும் டிஸ்டெம்பர் நோயும் முக்கியமானவை. யாத்திரிகர் செலுத்தும் கட்டணத்தில் ஒரு பகுதியை, காட்டோரக் கிராமங்களின் நாய்களுக்குத் தடுப்பூசி போடுவதற்கென்று ஒதுக்கி, அதன் கணக்கை ஆண்டுதோறும் பிரசுரிக்க வேண்டும். கொல்வதற்குப் பணம் கொடுத்த கஜானா, காப்பதற்கும் கொடுக்கட்டும்.