உண்மை சொன்ன நோயாளி



1994 செப்டெம்பர் மாதம், ஐக்கிய அமெரிக்காவின் மேன் மாநிலத்திலுள்ள பாங்கோர் நகரில் சிட்னி அபட் என்ற பெண்மணி ஒரு பல் வைத்தியரை நாடிச் சென்றார். நோயாளர் படிவத்தில், தமக்கு எச்.ஐ.வி. தொற்று உண்டு என்பதை ஒளிவுமறைவின்றி எழுதினார். அவரது பல்லில் சூத்தை இருப்பதைக் கண்ட வைத்தியர், அதனைத் தமது சிகிச்சை நிலையத்தில் அடைக்க மறுத்துவிட்டார். வைத்தியசாலையில் வைத்துச் செய்யலாம், ஆனால் அவ்விடத்தைப் பயன்படுத்தும் செலவை நீரே ஏற்க வேண்டும் என்றார்.

அப்பெண்மணி நீதிமன்றை நாடினார். 'பிராக்டன் எதிர் அபட்' என்று அறியப்படும் அவ்வழக்கில், அறிகுறிகள் வெளித்தோன்றாத எச்.ஐ.வி. தொற்றாளருக்கும் ஊனமுற்றோரைப் பாதுகாக்கும் 1990ஆம் ஆண்டுச் சட்டத்தின் காப்பு உண்டென அந்நாட்டின் அதியுயர் நீதிமன்றம் 1998இல் தீர்ப்பளித்தது. ஆபத்து உண்டா, இல்லையா என்பதை வைத்தியரின் சொந்த நம்பிக்கையைக் கொண்டல்ல, மருத்துவச் சான்றுகளைக் கொண்டே அளக்க வேண்டும் எனவும் கூறியது.

அவ்வாறாயின் மருத்துவச் சான்றுகள் கூறுவதென்ன? உமிழ்நீரால் மட்டும் இக்கிருமி தொற்றுவதில்லை. தொற்றாளரின் இரத்தம் பட்ட ஊசி குத்தினாலும், ஆயிரம் சந்தர்ப்பங்களில் ஏறக்குறைய மூன்றில் மாத்திரமே தொற்று ஏற்படும். அதற்கும் 72 மணித்தியாலங்களுக்குள் தடுப்பு மருந்தைத் தொடங்கி, 28 நாட்கள் உட்கொள்ளும் வழி உண்டு. தடுப்பூசி ஏற்றாத ஒருவருக்கு ஈரலைத் தாக்கும் ஹெப்படைட்டிஸ் பி கிருமி இதே விதமாகத் தொற்றும் வாய்ப்போ நூற்றுக்கு 6 முதல் 30 வரையாகும்.

கையுறை, முகக்கவசம், தொற்றுநீக்கப்பட்ட கருவிகள் ஆகியவை யாவருக்கும் பொதுவானவை. தமக்குத் தொற்றிருப்பதை அறியாதோரும் அதே நாற்காலியில் அமர்வர் அல்லவா? ஆகவே வைத்தியரைக் காப்பது ஒவ்வொரு நோயாளியிடத்தும் அவர் கடைப்பிடிக்கும் ஒழுங்குதான். ஒருவரை மாத்திரம் திருப்பி அனுப்புவதால் எவரும் பாதுகாப்புப் பெறுவதில்லை.

மாறாக, தீங்கே விளைகின்றது. உண்மை சொன்னவர் விரட்டப்பட்டால், அடுத்தவர் உண்மையை மறைப்பார். வாயில் தோன்றும் வெண்படலம் போன்றவை இந்நோயின் ஆரம்ப அடையாளங்களாக இருக்கக்கூடும். அவற்றை முதலில் காணும் வாய்ப்புப் பல் வைத்தியருக்கே உண்டு. அவரிடம் செல்ல அஞ்சுபவர், உயிர்காக்கும் சிகிச்சையையும் காலந்தாழ்த்தியே பெறுவார்.

பெற்றோர்களே! 'அவர் எப்படி இந்நோயைத் தேடிக்கொண்டார்?' என்ற கேள்வியை உங்கள் பிள்ளைகள் உங்கள் வாயிலிருந்து கற்றுக்கொள்ள வேண்டாம். இளைஞர்களே! நாளை உங்களில் ஒருவர் வைத்தியராகலாம், தாதியாகலாம், மருந்தகத்தில் பணியாற்றலாம். உங்களை நம்பி ஒருவர் கூறும் உண்மை உங்களிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதமாகும். அதனைப் பேணுங்கள், வலியோடு வந்தவரை வலியோடு திருப்பி அனுப்பாதீர்கள்.