கண்ணுக்கெட்டாத கிருமியும் நிணநீர்ப் புற்றும்

சவ்வாது மலையிலுள்ள காவலூரை, எட்டாத் தொலைவிலுள்ள விண்மீன்களை ஆராயும் ஊராக நம் அங்கத்தினர் யாவரும் அறிவர். அங்குள்ள 2.34 மீட்டர் தொலைநோக்கிக்கு 1986 ஜனவரியில் வைணு பாப்புவின் பெயர் சூட்டப்பெற்றது. அடுத்த மாதமே, அம்மலைக்கு அண்மையிலுள்ள வேலூரில், கண்ணுக்குப் புலனாகாத மற்றொன்று வெளிப்பட்டது. சென்னை மருத்துவக் கல்லூரியில் மேற்பட்டப் படிப்பு மாணவியாயிருந்த டாக்டர் நிர்மலா, பேராசிரியை டாக்டர் சுனிதி சாலமன் வழிகாட்டத் தம் ஆய்வேட்டுக்காகச் சேகரித்த இரத்தம், வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் சோதிக்கப்பட்டது. எச்.ஐ.வி. கிருமி இந்தியாவிலும் உண்டென்பது அன்று தெரிந்தது.

அக்கிருமி உடலின் காப்பாற்றலைக் குலைப்பதால், அது பற்றியவர்க்கு நிணநீர்ப் புற்று மிகுதியாக வருகிறது. ஆயினும், அப்புற்றுகள் பலவற்றில் உடனிருந்து தொழிற்படும் கிருமி வேறொன்று. அதைக் கண்டறிந்ததிலும் ஓர் ஆராய்ச்சி மாணவிக்குப் பங்குண்டு.

உகாண்டா நாட்டில் டெனிஸ் பர்க்கிட் என்ற அறுவை வைத்தியர், குழந்தைகளின் தாடையில் எழும் ஒரு கொடிய கட்டியைப் பற்றி 1958-இல் எழுதினார். 1961-இல் நண்பர் இருவருடன் பழைய மோட்டார் வண்டியொன்றில் ஏறத்தாழ 10,000 மைல் சுற்றி, நோய் காணும் ஊர்களைப் படத்தில் குறித்தார். வெப்பமும் மழையும் மிகுந்த தாழ்நிலங்களில் அது உண்டு. குளிர்ந்த மேட்டுநிலங்களில் இல்லை. மழையையும் மண்ணையும் பார்த்தே பயிரிடும் நம்மவர்க்கு இவ்வகை ஆராய்ச்சி எளிதில் விளங்கும்.

அவ்வாண்டு லண்டனில் பர்க்கிட் ஆற்றிய சொற்பொழிவை, கோழிப் புற்றுக் கிருமியை ஆராய்ந்துவந்த அந்தோணி எப்ஸ்டைன் கேட்டார். உகாண்டாவிலிருந்து விமானத்தில் வந்த கட்டித் துண்டுகளை ஈராண்டு சோதித்தும் யாதொன்றும் அகப்படவில்லை. 1963 டிசம்பரில், மூடுபனியால் விமானம் மான்செஸ்டருக்குத் திருப்பப்பட்டு, ஒரு துண்டு தாமதமாக வந்தது. அதைச் சூழ்ந்த நீர் கலங்கியிருந்தது. அழுகிற்று என்று எறிந்துவிடாமல் நோக்கியபோது, உயிரணுக்கள் தனித்தனியே மிதந்தன! அவ்வணுக்களை வளர்த்துக் காக்கும் பணியில் உழைத்தவர் இவோன் பார். எலெக்ட்ரான் நுண்ணோக்கித் துறையில் உதவியவர் டிரினிடாட் தீவினரான பெர்ட் அச்சோங். 1964 பிப்ரவரியில் கிருமி தென்பட்டது. மார்ச்சில் மூவர் பெயராலும் கட்டுரை வெளிவந்தது. கிருமிக்கோ எப்ஸ்டைன்-பார் என்றே பெயர் நிலைத்தது. கூட்டுழைப்பில் மூன்றாமவர் பெயர் விடுபட்டது நமக்கு உவப்பாயில்லை. பார் அம்மையாரோ 1966-இல் டாக்டர் பட்டம் பெற்றும், ஆஸ்திரேலியாவில் ஆராய்ச்சிப் பதவி கிட்டாமல் பள்ளி ஆசிரியையானார்.

இக்கிருமி உலகில் வயதுவந்தோருள் 100-க்கு 90 பேருக்கு மேல் உடலில் தங்கியுள்ளது. பெரும்பாலோர்க்குத் தீங்கில்லை. பின் சிலர்க்கு மட்டும் புற்று வருவானேன்? ஆப்பிரிக்கக் குழந்தைகளுக்கு ஓயாது வரும் மலேரியா, காப்பணுக்களை இடைவிடாது பெருகச் செய்கிறது. பெருகும்போது அவ்வணுக்கள் தம் மரபிழைகளை அறுத்து ஒட்டுகின்றன. தறியில் அறுந்த இழையை அயல் இழையோடு முடிந்துவிடுவதுபோல், 8-ஆம் குரோமோசோமின் ஒரு துண்டு 14-ஆவதோடு சேர்ந்துவிட்டால், வளர்ச்சியைத் தூண்டும் மரபணு அடங்காமல் இயங்கும். அத்தகைய பழுதுற்ற அணு தானே மடியவேண்டும். கிருமி அதனை மடியவிடுவதில்லை.

நம் நாட்டில் பர்க்கிட் கட்டி அரிது. தாடையைவிட வயிற்றிலேயே மிகுதியாகத் தோன்றும். ஓரிரு நாட்களில் இருமடங்காகும் வேகம் உடையது. ஆயினும் மருந்தாலேயே பெரிதும் குணமாகக் கூடியது. ஆகவே குழந்தையின் தாடையோ வயிறோ விரைந்து வீங்கினால், பற்றுப்போட்டுப் பார்ப்போம், அறுவடை முடியட்டும், பாவு இறங்கட்டும் என்று நாள் கடத்தலாகாது. வேலூர் மருத்துவமனையிலும், டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954-இல் அடையாற்றில் தொடங்கிய புற்றுநோய் நிலையத்திலும் இதற்குச் சிகிச்சை உண்டு.