எந்த ஆண்டு ஹெரால்டு?

காருக்குச் சிறு மாதிரி செய்கிறவர் முதலில் தீர்மானிக்க வேண்டியது அளவை அல்ல, ஆண்டை. 1963ஆம் ஆண்டு செவர்லே கார்வெட் கூப்பேயின் பின்கண்ணாடியை நடுவில் ஒரு பட்டை இரண்டாகப் பிரித்தது. பின்னால் வரும் வண்டியை அது மறைத்ததால் 1964இல் எடுத்துவிட்டார்கள். எனவே, பட்டை இருந்தால் அது 1963 வண்டி. அமெரிக்கக் கம்பெனிகள் ஆண்டுதோறும் தோற்றத்தை மாற்றியதால் இந்தக் கணக்கு அங்கே சுலபம். ஒரே உருவம் பல ஆண்டுகள் ஓடிய நம் நாட்டில் ஆண்டைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். அப்படித் தேடிச் செய்த மாதிரி பொம்மை அல்ல, ஆவணம்.

சென்னையில் உருவான ஸ்டாண்டர்டு ஹெரால்டு இதற்கு நல்ல சான்று. இத்தாலியரான ஜியோவன்னி மிக்கெலோட்டி வடிவமைத்த டிரயம்ப் ஹெரால்டு 1959இல் இங்கிலாந்தில் வெளிவந்தது. 1961 முதல் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா அதை இங்கே தயாரித்தது. அதன் சேசிஸ் தனி. மேலுடல் தனித்தனிப் பாகங்களாகப் போல்ட்டால் பிணைக்கப்பட்டது. இந்த அமைப்பினால்தான் அதே சேசிஸைக் குறுக்கி 1962இல் ஸ்பிட்ஃபயர் என்ற ஸ்போர்ட்ஸ் காரை இங்கிலாந்தில் செய்ய முடிந்தது. சென்னைக் கம்பெனியோ நேரெதிர்த் திசையில் போனது. குடும்பமாக ஏறி இறங்க நான்கு கதவு வேண்டும் என்று 1968இல் மார்க் III வந்தது. நான்கு கதவு ஹெரால்டு இந்தியாவுக்கே உரியது. இங்கிலாந்தில் ஏர்ஃபிக்ஸ் விற்ற 1:32 கிட்டும் கார்கி வார்த்த சின்ன ஹெரால்டும் இரண்டு கதவு வண்டிகளே. அவற்றை வாங்கி அப்படியே ஒட்டி வைத்தால் நம் ஊர் 1968 வண்டி கிடைக்காது. முன்கதவைக் குறுக்கி, நடுத் தூணை நகர்த்தி, பின்கதவின் கோட்டைப் புதிதாகக் கீற வேண்டும்.

எவ்வளவு நகர்த்துவது? ஹெரால்டின் முன்சக்கர மையத்துக்கும் பின்சக்கர மையத்துக்கும் இடைவெளி 2324 மி.மீ.; 1:24 அளவில் அது ஏறக்குறைய 97 மி.மீ. பக்கவாட்டில் நேராக எடுத்த பழைய புகைப்படத்தில் இந்த ஒரு நீளத்தை அடையாளம் கண்டுவிட்டால், கதவு, தூண், பம்பர் எல்லாவற்றின் அளவும் அதிலிருந்து பிறக்கும். அப்படியானால் புகைப்படமே போதாதா என்று கேட்கலாம். படம் ஒரு கோணத்தை மட்டும் காட்டும். பக்கவாட்டுப் படமும் பின்புறப் படமும் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா என்று சோதிக்க முப்பரிமாண உருவம் வேண்டும். அசல் வண்டியே இருக்கிறதே என்றால், ஓடிய வண்டியில் பாகங்கள் மாறும். ஒரு ஆண்டின் கிரில்லும் இன்னொரு ஆண்டின் விளக்கும் ஒரே காரில் சேர்ந்துவிடுவது உண்டு.

கடைசி ஆட்சேபம் வலுவானது. அசலில் 4 மி.மீ. இருக்கும் கதவு இடுக்கு 1:24இல் 0.17 மி.மீ.தான், பெயின்ட் பூசினாலே அடைந்துவிடும். அதனால் மாதிரிக்காரர் கொஞ்சம் அகலமாகக் கீறுகிறார். துல்லியம் தவறிய பொருள் எப்படி ஆவணமாகும்? காஞ்சிபுரம் பட்டு நெசவில் இதற்கு விடை இருக்கிறது. கிராஃப் தாளில் வரையும் டிசைனில் ஒரு கட்டம் இழைகளின் ஒரு சந்திப்பு. தாளின் அன்னம் சேலையின் அன்னத்தைவிடப் பெரியது; ஆனால் எந்த இழை எழ வேண்டும், எது தாழ வேண்டும் என்பதில் பிசகு இருக்காது. ஆவணத்துக்குத் தேவை இந்தத் துல்லியம்தான். இடுக்கு ஒரு நூலளவு கூடலாம். 1968 வண்டிக்கு ஒரு கதவு குறையக் கூடாது.